பாடாத போன்

"ஆன் பண்ணும்போது பாடக் கூடாது" என்றாள் அவள்.

கடைக்காரருக்கு முதலில் புரியவில்லை. போன் வாங்க வருகிறவர்கள் கேமரா எப்படி, சார்ஜ் நிற்குமா, பாட்டு சத்தமாகக் கேட்குமா என்றுதான் விசாரிப்பார்கள். பாடாத போன் வேண்டுமென்று அந்தக் கடைப் படியேறிய முதல் ஆள் இவள்தான்.

"பட்டன் போன்னா ஆன் ஆகும்போது ஒரு மியூசிக் வரத்தான் செய்யும்மா. அதை நிறுத்த முடியாது. கம்பெனியிலயே அப்படி வச்சு அனுப்பிடறாங்க."

"பழைய மாடல்ல வராதது ஏதாவது இருக்கும்ல? யாராவது வச்சிருந்து குடுத்ததா இருந்தாலும் பரவாயில்ல."

"எதுக்கும்மா பழைய குப்பை? ரெண்டு வருஷ பிளான்ல சேர்ந்துட்டீங்கன்னா புது டச் போனே கைக்கு வந்துடும். மாசா மாசம் பில்லு வீட்டுக்கே வரும். நீங்க அலையவே வேணாம்."

"பில்லு வீட்டுக்கு வரவே கூடாது."

சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகப் பட்டது. கடைக்காரர் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். குனிந்து, கடையின் அடி இழுப்பறையை வெளியே இழுத்தார். உள்ளே ஒயர்களும் கழன்ற மூடிகளுமாக, ஒரு காலத்தில் யார் யார் காதோடோ ஒட்டியிருந்த போன்கள் குவிந்து கிடந்தன.

அவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்பி வைப்பார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, வாய்க்குப் பொருந்தும்படி முடித்துக் கொடுப்பது அவள் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பல் செட் செய்யும் லேப் ஒன்றில் சேர்ந்தாள். சூடான கத்தியால் மெழுகைத் தொட்டுத் தடவும் பக்குவம் அவளுக்கு வந்தது போல இன்னொருவருக்கு வரவில்லை. அதனால் லேபில் எல்லோருக்கும் அவள் 'மெழுகு'. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடும்போது மட்டும்தான் வெளியே வரும்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் 'மாஸ்டர்'. ஆட்டோ ஓட்டுகிறவர், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் என்று ஸ்டியரிங் பிடித்த கைகளில் பாதி அவரிடம் பழகிய கைகள். சாலையில் அவர் நடந்தால் நாலு பேராவது ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். கோபப்படத் தெரியாத மனிதர் என்று பெயர். எத்தனை தடவை வண்டியை நிறுத்தினாலும் "பரவாயில்ல கண்ணு, திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்பாராம். மனைவியையும் அவர் கண்ணு என்றுதான் கூப்பிட்டார்.

கல்யாணமான புதிதில் அவர் வாங்கித் தந்ததுதான் அந்த டச் போன். அவருடைய பேரிலேயே ஒப்பந்தம்; ஒரே பிளானில் இரண்டு நம்பர். "நீ எங்க இருக்கேன்னு என் போன்ல ஒரு புள்ளி தெரியும். நான் எங்க இருந்தாலும் உன்னையே பாத்துட்டு இருப்பேன்" என்றார். அன்றைக்கு அவளுக்கு அது அன்பாகத்தான் இருந்தது. லேப் வாசலில் கால் வைத்ததும் "போயிட்டியா கண்ணு?" என்று அழைப்பு வரும். தோழிகள் பொறாமைப்பட்டார்கள்.

பிறகு பில் வர ஆரம்பித்தது. எந்த நம்பருக்கு எவ்வளவு நேரம் பேசினாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாஸ்டர் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலை வைத்துக் கேட்பார். சத்தம் போட மாட்டார். "இது யாரு? இவ்ளோ நேரம் என்ன பேசின?" அண்ணனுடன் பேசியதற்கும் கேள்வி, உடன் படித்தவளுடன் பேசியதற்கும் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, பேசுவதையே அவள் குறைத்துக்கொண்டாள். அப்புறம் அண்ணன் கூப்பிடுவது நின்றது. பில் மெலிந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துத் தலையசைத்து, மடித்து வைத்துவிட்டு எழுந்துபோவார்.

ஒரு முறை போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. அன்று லேபில் கூட வேலை பார்த்த கிளி — ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர் — வேறு ஊரில் வேலை கிடைத்துப் புறப்படுகிறாள் என்று நாலைந்து பேர் டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தெருத் தெருவாகத் தேடி அங்கே வந்து நின்றார். எல்லோர் முன்னாலும் சிரித்தார். "பயந்துட்டேன் கண்ணு." வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவள் முகம் கழுவக் குளியலறைக்குள் போனதும் வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தட்டினாள். கூப்பிட்டாள். அந்தப் பக்கம் டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்து, "லேபுக்கு நேரமாயிடுச்சு பாரு" என்றார். அதோடு சரி. அவர் கை ஓங்கியதே கிடையாது. அதனால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிளிதான் கடைசியில் ஒரு வழி காட்டினாள். அவள் வேலை பார்க்கும் லேபில் மெழுகு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. நேராக இவளுடைய லேப் போனுக்குக் கூப்பிட்டு, முதலாளியிடம் ஏதோ அச்சு விஷயம் என்று சொல்லி இவளைப் பேச வரவழைத்தாள். "வேலையும் இருக்கு, தங்கறதுக்கு ரூமும் இருக்கு. ஆனா உன் போன்ல நான் பேச மாட்டேன். அது உன் போனே இல்ல, அவரோட போன். உனக்குன்னு ஒண்ணு வாங்கு. ஒப்பந்தம் கிப்பந்தம் எதுவும் இல்லாம, காசைப் போட்டுப் பேசறது. அதுல கூப்பிடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அதற்காகத்தான் இந்தக் கடை. வீட்டுப் பக்கமும் லேப் பக்கமும் உள்ள கடைகளை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் திரும்ப வேண்டும். அவருடைய டச் போன் லேப் மேஜையில் சார்ஜில் கிடந்தது. புள்ளி அங்கேயே இருக்கும்.

கடைக்காரர் முதலில் எடுத்த போன், உயிர் வந்ததும் கடை அதிரப் பாடியது. அவள் பதறிப்போய் அதன் மேல் கையை வைத்து மூடினாள். அடுத்தது பாடவில்லை, ஆனால் ஒவ்வொரு பட்டனும் அழுத்தும்போது 'டிக் டிக்' என்றது. பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். இன்னொன்றின் வெளிச்சம் டார்ச் அடித்தது போல இருந்தது. போர்வைக்குள் வைத்தாலும் தெரியும். கடைக்காரர் இப்போது சலித்துக்கொள்ளவில்லை. அவரும் சேர்ந்து தேடினார். ஒவ்வொன்றையும் ஆன் செய்து, தன் காதருகே வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்தார்.

கடைசியில் சோப்புக்கட்டி அளவில் ஒன்று அகப்பட்டது. பின்மூடியில் கீறல். ஐந்தாம் எண் பட்டனில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. ஆன் செய்தார். திரையில் மங்கலாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். முணுக்கென்று சத்தமில்லை.

"இதோட ஸ்பீக்கர் கொஞ்சம் வீக். அதனாலதான் யாரும் வாங்கல. காதுல வச்சா நல்லாக் கேக்கும். பேட்டரி நான் வேற போட்டுத் தரேன். ஒரு வாரம் தாங்கும்."

அவள் அதைக் கையில் வாங்கி, விரல்களை மூடிப் பார்த்தாள். வெளியே தெரியவில்லை.

அடையாள அட்டையைக் காட்டி, அவள் பேரிலேயே சிம் போட்டாயிற்று. கடைக்காரர் மூடியை அழுத்திக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பீங்கான் பாத்திரக் கம்பெனி வண்டி ஓட்டும் ஆள் ஒருவன், கையில் உடைந்த போனுடன் உள்ளே வந்தான்.

"அட! மாஸ்டர் வீட்டு அக்காதானே? என்னக்கா இவ்ளோ தூரம்?"

கடைக்காரர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் நாத்தனாருக்கு ஒரு போன்" என்றாள். வாயில் வந்தது அதுதான். "பட்டன் போன்தான் வேணும்னு கேட்டாங்க."

"அப்படியா? சாயங்காலம் மாஸ்டரைப் பாப்பேன். சொல்றேன்க்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மாஸ்டருக்கு ஒரே அக்கா. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வை, கறாரான ஆள். தம்பியை வளர்த்தவளே அவள்தான். அந்த அண்ணியோடு இவள் மனம்விட்டு நாலு வார்த்தை பேசியதில்லை. பொய் சொல்ல வேறு ஆளா கிடைக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அண்ணியிடம் பேசியாக வேண்டும். பேசினால் அண்ணி யார் பக்கம் நிற்பாள்?

லேபில் டச் போனில் மாஸ்டரின் அழைப்புகள் தவறியிருந்தன. எடுத்துக் கூப்பிட்டாள்.

"எங்க போயிருந்த கண்ணு?"

"பாத்ரூம்ல இருந்தேன்."

"இவ்ளோ நேரமா?"

"வயிறு சரியில்ல."

"சரி. உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

செய்த பல் செட்டை வாங்க வராமலே போனவர்களின் அச்சு டப்பாக்கள் லேபின் பின்னறையில் அடுக்கி இருக்கும். அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டச் போனில் இருந்த அண்ணியின் நம்பரைப் பார்த்துப் பார்த்துப் பட்டன் போனில் அழுத்தினாள். இதுதான் அதில் அவள் பேசிய முதல் பேச்சு.

"யாரு?" பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்தன.

"நான்தான் அண்ணி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்களுக்குன்னு சொல்லி ஒரு போன் வாங்கிட்டேன். ஒருத்தன் பாத்துட்டான். அவர்கிட்ட சொல்லிடுவான். அவர் உங்ககிட்ட கேப்பார்."

"எனக்கா? எனக்கு எதுக்குடி போன்?"

"எனக்குத்தான் அண்ணி. அவருக்குத் தெரியாம."

யாரோ தூரத்தில் "அக்கா, நாலாம் மாடித் துணி வந்துடுச்சு" என்று கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்துவிட்டது. ஆமாம் என்றும் இல்லை. இல்லை என்றும் இல்லை. மீண்டும் கூப்பிட அவளுக்குத் துணிவில்லை. போனை ஒரு டப்பாவில், யாருடையதோ கீழ்த்தாடை அச்சுக்கு அடியில் வைத்து மூடினாள். அன்று மதியம் முழுக்க அவள் நிறுத்திய பற்கள் ஒன்றும் வரிசையாக நிற்கவில்லை. முதலாளி தாடிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மெழுகு, இந்த ஆளு சிரிச்சா ஜனங்க ஓடிடுவாங்க போலிருக்கே" என்றுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாஸ்டர் வழக்கம்போல டிரைவிங் ஸ்கூல் காரில் வந்தார். அதில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. அவள் உட்காரும் பக்கம் இருப்பது வாத்தியாருக்கான பிரேக். அதில் கால் படாமல், முழங்காலை ஒடுக்கியே அவள் உட்காருவாள்.

கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னைக்கு நம்ம பையன் ஒருத்தன் உன்னப் பாத்தானாம்" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"ஆமாங்க. அண்ணிக்கு ஒரு போன் கேட்டாங்க."

"வயிறு சரியில்லன்னு சொன்ன."

"அதுக்கப்புறம்தான்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு பொய் சொன்னால் எதை எதோடு முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை.

"உன் புள்ளி லேப்லயே இருந்துச்சே."

"சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டேன்."

மாஸ்டர் தலையசைத்தார். இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, பாடம் நடத்துவது போலவே ஒழுங்காக வண்டியை ஓட்டினார். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, "வா, அக்காகிட்டயே கேப்போம்" என்றார்.

அண்ணி கதவைத் திறந்தாள். கைகள் சலவைத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. தம்பியைப் பார்க்கவில்லை, நேரே இவளைப் பார்த்தாள்.

"எங்கடி என் போன்?"

இவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "லேப்ல… சார்ஜ் ஏறட்டும்னு விட்டுட்டு வந்தேன் அண்ணி."

"நல்லா ஏத்தின போ! எத்தனை நாளாச் சொல்லிட்டு இருக்கேன்? ஈரக் கையில டச் போனத் தொட்டா அது வேற யாருக்கோ போன் போடுது. நேத்து சூப்பிரண்டண்டுக்குப் போயிடுச்சு, மானமே போச்சு. பட்டன் வச்சதா ஒண்ணு பாருடின்னா இவ்ளோ நாள் இழுத்தடிக்கற."

மாஸ்டர் சிரித்தார். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே நம்ம பிளான்ல ஒண்ணு சேத்து விட்டிருப்பேனேக்கா."

"ஏன், மாசா மாசம் பில்லப் பாத்து, யார்கூடக்கா பேசினன்னு எங்கிட்டயும் கேக்கறதுக்கா?"

வேடிக்கை போலத்தான் சொன்னாள். இவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். மாஸ்டரின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரம் எடுத்துக்கொண்டது.

"நாளைக்கு அந்தப் போனை எடுத்துட்டு வா கண்ணு" என்றார். "நானே அக்காகிட்ட குடுத்துடறேன்."

மறுநாள் போனைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அண்ணிக்குக் கூப்பிட்டதை அதிலிருந்து அழித்தாள். கிளியிடம் இன்னும் பேசியிருக்கவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. மாஸ்டர் போனைப் பிரித்துப் பார்த்தார், சேர்த்தார், தன் போனுக்கு ஒரு தடவை அடித்து அந்த நம்பரை 'அக்கா புதுசு' என்று பதிந்துகொண்டார். "இதென்ன, சத்தமே வரல?" என்றார். அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். கஷ்டப்பட்டுத் தேடிப் பிடித்த ஒரே கதவும் சாத்திக்கொண்டது என்று அவள் நினைத்தாள்.

சில நாட்கள் போயின. ஒரு மதியம் அண்ணி லேபுக்கே வந்தாள். பல்வலி என்று தாடிக்காரரிடம் சொன்னாள். "இது பல் செட் செய்யற இடம்மா, டாக்டர் பக்கத்துத் தெருவுல" என்று அவர் சொல்லச் சொல்ல, "என் தம்பி பொண்டாட்டி பாத்தாப் போதும்" என்று பின்னறைக்குள் நுழைந்துவிட்டாள். கைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து இவள் கையில் வைத்தாள்.

"சிம் வேற போட்டிருக்கேன். என் பேர்ல வாங்கினது. பழைய சிம் என்கிட்ட, என் பழைய போன்ல. அவன் அந்த நம்பருக்கு அடிச்சா நான் எடுத்துப்பேன். ஒப்பந்தம் எதுவும் இல்லாததால கழட்டி மாட்டறது அஞ்சு நிமிஷ வேலை. உனக்கு அந்த அளவுக்காவது புத்தி இருந்துச்சே."

இவள் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

"அண்ணி… உங்களுக்கு எப்படி…"

"அவனை வளத்தவடி நான். பக்கத்து வீட்டுல இருந்தவர் என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டப்ப, நான் அவர்கூடப் பேசினது எப்ப, எங்க நின்னு பேசினேன், அவ்வளவையும் அப்பாகிட்ட போய்ச் சொன்னவன் அவன். சின்னப் பையன். அக்கா நல்லதுக்குன்னு நெனச்சான். இன்னைக்கும் அப்படித்தான் நெனக்கறான்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "குளியல் ரூம் கதவுல வெளிப்பக்கம் தாழ்ப்பாள் எதுக்குன்னு நான் உங்க வீட்டுக்கு வரப்பல்லாம் யோசிப்பேன். கேக்கல. கேட்டிருக்கணும்."

வாசலில் தாடிக்காரர் இருமும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்தாள்.

"எப்பப் போறே, எங்க போறே, எங்கிட்ட சொல்லாத. எனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். அன்று வாசலில் அண்ணி அளந்த ஈரக் கைக் கதை இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். அந்தச் சிறு அறையில், தாடை அச்சுகளுக்கு நடுவில், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கிளியிடம் பேசி நாள் குறித்தாள். அன்று மாஸ்டரின் மதிய அழைப்புக்குக் காத்திருந்தாள். "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேங்க." டச் போனை மேஜையில் சார்ஜில் மாட்டிவிட்டு, வீட்டிலிருந்து வழக்கமாக எடுத்து வரும் கைப்பையோடு மட்டும் இறங்கினாள். மெழுகுக் கத்தி அவளுடைய சொந்தக் கத்தி. அதை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தாடிக்காரரிடம் தலைவலி என்றாள். அவர் மேஜை மேல் இருந்த போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

வெளியூர் பஸ் கிளம்பியதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஜன்னலோரம் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்திருந்தது. ஊர் எல்லைக்குப் போகும் பெரிய சாலையில் பஸ் திடீரென்று நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். முன்னால் ஒரு கார் குறுக்காக நின்றுபோயிருந்தது. கூரையில் 'பழகுபவர்' என்ற பலகை.

காரின் இடப்பக்கக் கதவு திறந்தது. மாஸ்டர் இறங்கினார்.

அவள் உடம்பு தானாகவே குனிந்தது. கைப்பை மடியிலிருந்து சரிந்து விழ, அதைத் தேடுகிற சாக்கில் முன் இருக்கைக் கம்பிக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டாள். மாஸ்டர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டபடி பஸ்ஸை நோக்கி வந்தார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

"அட, மாஸ்டர்! நீங்களா?"

"நம்ம ஆளா? புதுசா கத்துக்கறவர்ப்பா. பதட்டத்துல கிளட்ச்ச விட்டுட்டார். ஒரு நிமிஷம் குடு."

"மெதுவா எடுக்கட்டும் மாஸ்டர். நான் மட்டும் உங்ககிட்ட எத்தனை தடவை நிறுத்தியிருக்கேன்! வீட்டுல எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான்."

குரல் அவள் தலைக்கு மிக அருகே கேட்டது. டிரைவரின் ஜன்னலுக்கும் அவள் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு தகடுதான். கம்பிக்கும் தகட்டுக்கும் இடையில் இருந்த சந்தில் அவர் சட்டைப் பையும் கையும் தெரிந்தன. அந்தக் கை பையிலிருந்து போனை எடுத்தது. வழக்கம்போல, பழக்கத்தில், திரையைத் தடவியது. வரைபடம் வந்தது. பச்சைக் கட்டங்களுக்கு நடுவில் ஒரு நீலப் புள்ளி, லேப் இருக்கும் தெருவில், அசையாமல் இருந்தது. அவர் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, திருப்தியாகப் போனைப் பைக்குள் போட்டார்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், "என்னம்மா, எதைத் தேடற? நான் எடுத்துத் தரட்டா?" என்று உரக்கக் கேட்டாள்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணைக் கெட்டியாக மூடிக்கொண்டாள். கார் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. டிரைவர் "வரேன் மாஸ்டர்" என்றார். பஸ் நகர்ந்த பிறகும் நெடுநேரம் அவள் நிமிரவில்லை.

மாஸ்டர் அவளைக் கூட்டிப்போக லேபுக்கு வருவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. கிளி சொல்லித் தந்ததுதான். பட்டன் போனை எடுத்து, காவல் நிலையத்துக்கு அடித்தாள். எடுத்தது ஒரு பெண் காவலர்.

"என் வீட்டுக்காரர் இன்னைக்கு வந்து என்னைக் காணோம்னு சொல்லுவார். நான் காணாமப் போகல. நானாத்தான் கிளம்பி வந்தேன்" என்று பேரையும் விலாசத்தையும் சொன்னாள்.

"கூட யாராவது இருக்காங்களா? யாராவது சொல்லிக் குடுத்துப் பேசறீங்களா?"

"இல்லைங்க. தனியாத்தான் இருக்கேன்."

"எங்க இருக்கீங்கன்னு சொல்ல வேணாம்மா. பத்திரமா இருக்கீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

எங்க இருக்கே, போயிட்டியா என்ற கேள்விகளை அவள் தினமும் கேட்டுப் பழகியவள்தான். ஆனால் எங்கே என்று சொல்ல வேண்டாம், பத்திரமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. "இருக்கேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. பக்கத்து அம்மாள் ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் லேப் வாசலில் காத்திருந்து, மேலே ஏறிப் போய், மேஜை மேல் தனியாக ஒலித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தார் என்று பிற்பாடு தெரியவந்தது. காவல் நிலையத்தில் அதே பெண் காவலர் இருந்தார். "அவங்க பேசிட்டாங்க சார். நல்லா இருக்காங்க. நீங்க தேட வேண்டியதில்ல" என்றாராம். மாஸ்டர் அதை நம்பவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் அலமாரி வரை குடைந்தார். 'அக்கா புதுசு' நம்பருக்கு அக்காவின் கண்முன்னாலேயே அடித்துப் பார்த்தார். அது அக்காவின் கையிலேயே அதிர்ந்தது. ஆனால் அதிர்ந்தது பட்டன் போன் இல்லை, அவளுடைய பழைய டச் போன். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து அக்காவுடன் பேச்சு இல்லை.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. தன்னிடம் பழகிய டிரைவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் ஒருவர் மூலம் தகவல் கிடைத்து, கிளியின் லேப் இருக்கும் தெருவுக்கு வந்து எதிர்ச்சாரியில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். பட்டன் போனை எடுத்துக் காவல் நிலையத்துக்கு அடித்தாள். பிறகு நீதிமன்றம், உத்தரவு, வாய்தா என்று இழுத்தது. அவர் அந்தத் தெருப் பக்கம் வரக் கூடாது என்று ஆயிற்று. விவாகரத்து இன்னும் முடியவில்லை. தெருவில் மெதுவாகப் போகும் கார் எதைப் பார்த்தாலும் அவள் இன்றைக்கும் ஒரு கடைக்குள் ஒதுங்கிக்கொள்கிறாள்.

இப்போது அவள் அந்த லேபில் மெழுகுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அண்ணனுடன் பேசுகிறாள், முதல் தடவை கூப்பிட்டபோது இரண்டு பேருமே என்ன பேசுவதென்று தெரியாமல் வானிலை விசாரித்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி கூப்பிடுகிறாள். முழங்கால் வலி, புதிதாக வந்த சலவை இயந்திரம், சூப்பிரண்டண்டின் அட்டகாசம் என்று நீளும். தம்பியைப் பற்றி இவள் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. போன வாரம் மட்டும் அண்ணி பேச்சை முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்லடி. லீவு போட்டு ரெண்டு நாள் வரலாம்னு பாக்கறேன். பல்லக் காட்டணும். இந்தத் தடவை நெஜமாவே வலிக்குது."

"வாங்க" என்றாள் மெழுகு. "பஸ் ஸ்டாண்டுக்கு நானே வரேன்."